தறிக்குழியில் கழிந்த பொழுதுகள்

எங்கள் தெருவில் சுவர்க் கடிகாரம் இருந்த வீடுகள் இரண்டோ மூன்றோதான். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நான் வளர்ந்த 1960களைப் பற்றிச் சொல்கிறேன். மணி என்ன என்று கேட்க எவரும் அந்த வீடுகளின் படியேறியதாக எனக்கு நினைவில்லை. தறியின் ஓசை எந்த வீட்டில் தொடங்கியது, எந்த வீட்டில் ஓய்ந்தது என்பதைக் கொண்டே பொழுது எவ்வளவாயிற்று என்று சொல்லிவிடுவார் என் பாட்டி. எதிர்வீட்டுத் தறி நின்றால் உலையில் அரிசி போட வேண்டும். கடைசி வீட்டுத் தறி மீண்டும் தொடங்கினால் வெயில் தாழ்ந்துவிட்டது என்று பொருள். விருந்தினராக வந்தவர்களுக்கு அந்த ஓயாத ஒலி இரைச்சலாகத் தோன்றும். எங்களுக்கோ அது நின்றால்தான் காது கூசும்.

காஞ்சியைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். பல்லவன் இராசசிம்மன் எடுப்பித்த கயிலாசநாதர் கோயிலைப் பற்றியும், ஏழாம் நூற்றாண்டில் இங்கு வந்து சென்ற சீனத் துறவி யுவான் சுவாங்கைப் பற்றியும் பள்ளிப் பாடநூல்களிலேயே படித்திருக்கிறோம். பட்டின் உறுதியையும் சரிகையின் மினுக்கையும் பாராட்டி எழுதாத இதழ் இல்லை. ஆயினும் அச்சேலையை நெய்தவரின் ஒரு நாள் எந்த வேகத்தில் நகர்ந்தது, அந்த வேகத்தை வகுத்தவர் யார் என்று கேட்டவர்கள் சிலரே. நெசவாளன் தன் விருப்பப்படி உழைத்தான், தன் வீட்டிலேயே தனக்குத்தானே எசமானனாக இருந்தான் என்றொரு கருத்து நம்மிடையே உலவுகிறது. நானும் நெடுங்காலம் அவ்வாறே நம்பியிருந்தேன். அது பாதி உண்மை. மறுபாதி எனக்கு மிகவும் பிந்தியே விளங்கிற்று.

முதலில் உண்மையான பாதியைச் சொல்லிவிடுகிறேன். வீட்டின் முன்கூடத்தில் இடுப்பளவு ஆழத்துக்குத் தோண்டிய குழி. அதன் விளிம்பில் அமர்ந்து கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகளை மிதிப்பார் அப்பா. எதிரே பாவு நீண்டு கிடக்கும். அம்மா பின்கட்டில் இராட்டையைச் சுற்றித் தாரில் ஊடை நூலை ஏற்றிக்கொண்டிருப்பார். அப்பாவுக்கு விருப்பம் இருந்தால் விடியுமுன்னே தறியில் இறங்குவார். உறவினர் வந்துவிட்டால் எழுந்து வந்து திண்ணையில் அமர்ந்து ஒரு மணி நேரம் பேசுவார். தறிக்கு மேலே உத்தரத்தில் வானொலிப் பெட்டி தொங்கும். இலங்கை வானொலியின் நிகழ்ச்சி ஒன்று முடிவதும் மற்றொன்று தொடங்குவதும் எங்களுக்கு நாழிகைக் கணக்கு. பாட்டுக்கு ஏற்பப் பண்ணையின் அடியும் விரையும் அல்லது தளரும். என் தந்தையார் சோகப் பாடல்களை விரும்பிக் கேட்பவர். அன்றைய நாளில் நெய்த முழம் அதனால் குறைந்ததென்று அம்மா கேலி செய்வதுண்டு.

வீட்டுக்குள் இருந்த இந்தத் தன்போக்கு தெருவுக்கு வந்தால் மாறிவிடும். பாவு போடும் நாள் ஒருவருடைய நாள் அன்று, தெருவின் நாள். மூன்று அல்லது நான்கு சேலைகளுக்கான பாவு நீளமானது. அதை விரிக்க எந்த வீட்டிலும் இடம் இராது. ஆகவே இருள் பிரியும் நேரத்தில் தெருவின் குறுக்கே கழிகளை நட்டு, பாவை இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சியைத் தோய்த்து, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாதவாறு பிரித்துவிடுவார்கள். வெயில் ஏறிவிட்டால் கஞ்சி திட்டுத் திட்டாகக் காய்ந்து இழைகள் பிய்ந்துபோகும். எனவே நான்கு வீட்டு ஆண்களும் பெண்களும் ஒரே வேளையில் கைகொடுக்க வேண்டும். இன்று என் பாவு, நாளை உன் பாவு. கூலி கிடையாது, கணக்கும் கிடையாது. ஆனால் யார் வரவில்லை என்பது மட்டும் எல்லாருக்கும் நினைவிருக்கும். தெருவில் பாவு கட்டியிருக்கும்போது மாட்டுவண்டிக்காரர்கூடச் சுற்றுவழியில்தான் போவார்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வானம் எங்கள் பொழுதைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும். தெருவில் பாவு விரிக்க இயலாது. குழிக்குள் நீர் ஊறும். வாளியால் இறைத்து ஊற்றினாலும் மறுநாள் காலையில் மீண்டும் கணுக்கால் அளவு நிற்கும். ஈரக் காற்றில் பட்டிழை தளர்ந்து நெசவு சீராக வராது. அந்நாட்களில் அப்பா செய்வதறியாது வாசலையே பார்த்தபடி அமர்ந்திருப்பார். வேலையில்லாத ஓய்வுக்கும் வேலை நின்றுபோன ஓய்வுக்கும் உள்ள வேறுபாட்டை நான் அவர் முகத்தில் கற்றேன்.

அதற்கு நேர்மாறானது அமாவாசை. அன்று எங்கள் வீட்டில் தறி ஓடாது. ஞாயிற்றுக்கிழமை என்பது பள்ளிக்கூடத்துக்கும் அரசு அலுவலகத்துக்கும் உரிய விடுமுறை. தறிக்கு உரியது அமாவாசை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பதும், சந்தைக்குப் போவதும், பெண் பார்க்கப் போவதும் அன்றைக்குத்தான். அமாவாசைக்கு முந்திய இரவுகளில் எடுத்த சேலையை அறுத்துக் கொடுத்துவிட வேண்டுமென்று விளக்கொளியில் வெகுநேரம் தறி ஓடும். அமாவாசைக்கு மறுநாள் ஓசை சோம்பலாகத் தொடங்கும்.

இப்படியொரு வழக்கம் நமக்கு மட்டும் உரியதென்று நான் எண்ணியிருந்தேன். எட்வர்டு தாம்சன் என்னும் ஆங்கில வரலாற்றாசிரியர் 1967இல் எழுதிய கட்டுரையொன்றைப் பற்றிப் பிற்காலத்தில் அறிந்தபோது வியந்தேன். தொழிற்சாலைகள் வருமுன் இங்கிலாந்தின் கைத்தறி நெசவாளரும் செருப்புத் தைப்போரும் திங்கட்கிழமையில் வேலை செய்யமாட்டார்களாம். அதற்குப் 'புனிதத் திங்கள்' என்று பரிகாசமாகப் பெயர். செவ்வாயும் அரைகுறையாகக் கழியும். பிறகு வார இறுதியில் இரவுபகலாக உழைத்துக் கணக்கை ஈடுகட்டுவார்கள். தன் வேலைக்குத் தானே பொறுப்பாளியாக உள்ள இடத்திலெல்லாம் மனிதன் இவ்வாறே உழைப்பும் ஓய்வும் மாறிமாறி வர வாழ்ந்தான் என்பது தாம்சனின் முடிவு. கடிகாரத்துக்குக் கட்டுப்பட்ட ஒழுங்கைத் தொழிற்சாலைதான் கற்பித்தது.

அந்த ஒழுங்கைத் தமிழ்நாட்டு நெசவாளருக்குக் கற்பிக்க ஒரு முயற்சி நடந்ததுண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத் தொழில் வளர்ச்சிக்குப் பொறுப்பேற்றிருந்த ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயர் சேலத்தில் ஒரு நெசவுச்சாலையை நிறுவினார். கயிற்றை இழுத்தால் தானே ஓடும் நாடாவை ஜான் கே 1733இலேயே இங்கிலாந்தில் கண்டுபிடித்திருந்தார். அதை நம்மவரிடையே பரப்புவதும், சிதறிக் கிடக்கும் நெசவாளரை ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்தால் தொழில் செழிக்குமா என்று பார்ப்பதும் சாட்டர்டனின் நோக்கம். கருவியில் குறையில்லை, கூலியும் கிடைத்தது. ஆனால் நெசவாளர்கள் நிலைக்கவில்லை. குறித்த நேரத்துக்கு வருவதும், குறித்த நேரம்வரை இருப்பதும் அவர்களுக்கு ஒவ்வவில்லை. மனைவி மக்கள் சூழ வீட்டில் உழைப்பதையே அவர்கள் விரும்பினார்கள். அரசே தொழில் நடத்துவதை இந்தியாவுக்கான அமைச்சர் மார்லி பிரபு ஏற்காததால் 1910இல் அந்தச் சாலை மூடப்பட்டது. மூடப்படாவிட்டாலும் அது நெடுநாள் நடந்திருக்குமா என்பது ஐயமே. அதிகாரிகள் இதைச் சோம்பல் என்று எண்ணினர். என் அப்பாவை அவர்கள் விடியற்காலையில் வந்து பார்த்திருக்க வேண்டும்.

நெசவாளனின் நாளுக்கு மேல் ஆண்டு என்றொன்று உண்டு. அதைக் காஞ்சியில் கோயில்கள் வகுத்தன. பங்குனி உத்திரத்துக்கு ஏகாம்பரநாதர், வைகாசியில் வரதராசரின் கருடசேவை என்று தெருக்கள் நிறையும் நாட்களில் பாவு விரிக்க இடமிராது. விரிக்கவும் எவருக்கும் மனமிராது. இந்த உறவு நேற்று ஏற்பட்டதன்று. பத்தாம் நூற்றாண்டில் ஆண்ட உத்தம சோழனின் செப்பேடு ஒன்று சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளது. கச்சிப்பேடு என்று அன்று வழங்கிய இவ்வூரில் இன்றைய உலகளந்த பெருமாள் கோயிலின் நிருவாகம் பற்றிய செப்பேடு அது. பட்டசாலிகள் எனப்பட்ட நெசவாளர்கள் நான்கு குடியிருப்புகளில் வாழ்ந்ததையும், கோயிற் பொறுப்புகள் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டதையும் அதில் காண்கிறோம். துணி நெய்தவரே திருவிழாவின் வரவுசெலவையும் பார்த்தார்கள் என்றால், திருவிழா நாளில் தறி நிற்பதைப் பற்றி அவர்கள் யாரிடமும் அனுமதி கேட்டிருக்கமாட்டார்கள்.

நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை குளத்திலிருந்து அத்திவரதரை வெளியே எடுக்கும் விழா எங்கள் ஊரின் மிகப் பெரிய காலக்கோல். 1939, 1979, 2019 என்று அது வந்திருக்கிறது. பாட்டி தம் திருமணத்தை முந்தைய அத்திவரதருக்கு இரண்டாண்டு முன் என்றுதான் சொல்வார். 2019இல் சூலை முதல் நாளிலிருந்து 48 நாட்கள் ஊரே நிலைகொள்ளாமல் இருந்தது. 1979இல் அந்தக் கூட்டத்தின் ஆரவாரத்துக்கு நடுவிலும் எங்கள் தெருவில் தறியோசை கேட்டதை நான் அறிவேன். 2019இல் தெருவின் இருமருங்கும் நடந்து பார்த்தேன். தறி இருந்த வீடுகள் விரல்விட்டு எண்ணும் அளவே.

இனி, மறுபாதி.

தறி எங்களுடையது, நூல் எங்களுடையதன்று. பட்டு நூல் கருநாடகத்திலிருந்தும் சரிகை சூரத்திலிருந்தும் வரும். அவற்றை நிறுத்துக் கொடுப்பவர் முதலாளி. நெய்த சேலையை நிறுத்து வாங்குபவரும் அவரே. இடையில் முன்பணம் என்றொன்று உண்டு. ஒரு திருமணம், ஒரு பிரசவம், ஒரு கூரை மாற்றம் என்று வாங்கிய தொகை கூலியில் சிறிது சிறிதாகக் கழிய வேண்டும். ஆனால் அது கழிந்து முடியுமுன் அடுத்த செலவு வந்துவிடும். கடன் இருக்கும்வரை வேறொருவருக்கு நெய்ய முடியாது. வேறொருவரிடம் போக வேண்டுமானால் அவர் முந்தைய கடனை அடைத்து நெசவாளனை ஏற்க வேண்டும். கூட்டுறவுச் சங்கங்கள் வந்தபின் இந்தப் பிடி பலருக்குத் தளர்ந்தது என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். எங்கள் வீடு சங்கத்தில் சேர்ந்தது மிகப் பிந்தி.

முன்பணம் எக்காலத்திலும் விலங்காகவே இருந்ததா? இல்லை என்கிறார் வரலாற்றாசிரியர் பிரசன்னன் பார்த்தசாரதி. பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்திய நெசவாளரைப் பற்றி 2001இல் அவர் வெளியிட்ட நூல் நம் எண்ணத்தைப் புரட்டிப் போடுகிறது. அன்றைய நெசவாளன் வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை எப்போது வேண்டுமானாலும் முறிக்கலாம். பிடிக்காவிட்டால் தறியோடு ஊரைவிட்டே போகலாம். அவன் நெய்த துணிக்கு உலகச் சந்தை காத்திருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியதிகாரத்தையும் கைப்பற்றிய பின்னர்தான் சேவகரை ஏவி நெசவாளனை ஒரே வணிகனிடம் கட்டிப்போட முடிந்தது. எங்கள் வீட்டிலிருந்த கடன் நோட்டுக்கு இவ்வளவு நீண்ட வரலாறு உண்டென்பது என் தந்தைக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஆகவே, எத்தனை மணிக்குத் தறியில் இறங்குவது என்பதை அப்பா தீர்மானித்தார். எத்தனை நாளில் சேலை முடிய வேண்டும் என்பதைக் கடன் தீர்மானித்தது. ஆடியிலும் மார்கழியிலும் திருமணங்கள் இல்லை. ஆனால் ஆவணிக்கும் தைக்கும் உரிய சேலைகள் அந்த மாதங்களில்தான் தறியில் இருக்கும். அப்போது சோகப் பாட்டு இராது, திண்ணைப் பேச்சும் இராது.

இவ்வளவும் சொன்ன பிறகும் நான் சொல்லாமல் ஒத்திப்போடும் ஒன்று உண்டு. அது என் அக்காளைப் பற்றியது.

சேலையின் உடல் ஒரு நிறமும் கரை வேறொரு நிறமுமாக, நெய்யும்போதே இரண்டையும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு போவது கோர்வை. காஞ்சிப் பட்டின் பெருமை இதில்தான் உள்ளது. சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்பார்கள். இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும்: உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று. தறியில் அமர்ந்தவரின் இரண்டு கைகள் இதற்குப் போதா. ஒருபக்கக் கரையின் நாடாவை வாங்கவும் எறியவும் இன்னொருவர் அவர் அருகில் அமர வேண்டும். ஒரு சேலையில் பல்லாயிரம் முறை அந்த நாடா போய்வரும். அதற்குப் பெரிய வலிமை தேவையில்லை. சிறிய விரலும் நல்ல கண்ணும் போதும். ஆகவே அந்த இடத்தில் குழந்தைகள் அமர்ந்தார்கள்.

என் அக்காள் ஐந்தாம் வகுப்போடு நின்றார். அவருக்கு அப்போது பத்து வயது. நான் அவருக்கு நான்கு வயது இளையவன். காமராசர் காலத்து மதிய உணவு பள்ளிகளில் வந்துவிட்டிருந்தது. பள்ளிக்குக் கட்டணமும் இல்லை. பணமில்லாததால் அவர் நிற்கவில்லை. கரைக்கு ஆள் வேண்டியிருந்தது. வெளியாள் வைத்தால் கூலியில் பங்கு போகும். நான் புத்தகப் பையோடு வெளியேறும்போது அவர் அப்பாவின் பக்கத்தில் குழி விளிம்பில் அமர்ந்திருப்பார். திரும்பி வரும்போதும் அங்கேயே இருப்பார். எனக்கு அது இயல்பாகவே தோன்றிற்று. தறி எங்கே இருந்ததோ அங்கே அக்காளும் இருந்தார், அவ்வளவுதான். பின்னாளில் நான் கல்லூரி சென்றதும் ஆசிரியர் பணி பெற்றதும் அந்தத் தறியின் வருமானத்தால்தான்.

காஞ்சியைக் கல்வியிற் கரையிலாத ஊர் என்று பாராட்டுவது மரபு. பல்லவர் காலத்தில் இங்கே கடிகை என்னும் பெருங்கல்விச் சாலை இருந்தது. கதம்ப மரபைத் தொடங்கிய மயூரசன்மன் இங்குப் பயில வந்தவன் என்று தாளகுந்தாக் கல்வெட்டு கூறும். கடிகை என்ற சொல்லுக்கு நாழிகை என்னும் பொருளும் உண்டு. வகுப்பறையில் இதைப் பல ஆண்டுகள் பெருமிதத்தோடு சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என் அக்காள் ஒருமுறையும் என் நினைவுக்கு வந்ததில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில் பழைய நாட்களைப் பேசிக்கொண்டிருந்தோம். நம் வீட்டில்தான் எவ்வளவு நிதானம் இருந்தது, மணியடித்து யாரும் நம்மை எழுப்பவில்லையே என்று நான் சொன்னேன். அக்காள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அது அப்பாவோட நிதானம் தம்பி. அவரு எழுந்தா நான் எழணும், உக்காந்தா உக்காரணும். பக்கத்துல திரும்பிப் பாத்தா கூட இழை தப்பிடும்னு திட்டுவாரு. எனக்குன்னு பொழுது எங்க இருந்துச்சு?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வந்தால் தமக்கு மகிழ்ச்சி என்றும், குழியில் நீர் ஊறினால் பல்லாங்குழி ஆடலாம் என்று காத்திருப்பார் என்றும் சிரித்தபடி சொன்னார். அப்பா கவலையோடு வாசலைப் பார்த்திருந்த அதே மழை அது.

குழந்தை உழைப்பைத் தடுக்கும் சட்டம் 1986இல் வந்தது. நெசவும் அதன் அட்டவணையில் இடம்பெற்றது. ஆயினும் குடும்பத்தினரின் துணையோடு நடக்கும் தொழிற்கூடங்களுக்கு அது பொருந்தாது என்று ஒரு விலக்கும் சேர்ந்தே வந்தது. அதாவது சட்டம் எங்கள் வீட்டு வாசற்படிவரை வந்து நின்றுகொண்டது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003இல் வெளியிட்ட அறிக்கை, முன்பணத்துக்கு ஈடாகத் தறிகளில் அமர்த்தப்பட்ட குழந்தைகளைப் பற்றியது. கருநாடகம், உத்தரப் பிரதேசம் ஆகியவற்றோடு காஞ்சிபுரமும் அதில் இடம்பெற்றது. ஊரில் பலர் அதைக் கேட்டுச் சினந்தார்கள்; நம் தொழிலைக் கெடுக்க வெளிநாட்டார் செய்யும் சூழ்ச்சி என்றார்கள். என்னால் அவ்வாறு சொல்ல இயலவில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2010இல் நடைமுறைக்கு வந்தது. 2016இல் திருத்தப்பட்ட சட்டம் பதினான்கு வயதுக்கு உட்பட்டோரை எல்லாத் தொழில்களிலிருந்தும் விலக்கியது. பள்ளி நேரம் போகக் குடும்பத்துக்கு உதவலாம் என்பதை விட்டுவைத்தது.

குழந்தைகள் பள்ளிக்குச் சென்றார்கள். கரைக்கு ஆள் இல்லாமற் போயிற்று. முழுக் கூலி கொடுத்துப் பெரியவர் ஒருவரை அமர்த்தினால் சேலையின் விலை ஏறும். ஆகவே கோர்வை இல்லாமலே கரை நெய்யும் முறைகள் பெருகின. கோர்வை நெய்யத் தெரிந்தவர்கள் அருகி வருகிறார்கள். இதற்காக வருந்தும் கலை அன்பர்கள் என்னிடமும் பேசியிருக்கிறார்கள். வருத்தம் நியாயமானதே. ஆனால் அந்த அழகின் விலையில் ஒரு பகுதியை யார் செலுத்தினார்கள் என்பதை அறிந்த பிறகு, அவர்களோடு சேர்ந்து முழுக் குரலில் புலம்ப எனக்கு வாய் எழுவதில்லை. 2005-06இல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரோடு சேர்ந்து நானும் மகிழ்ந்தேன். அதே ஆண்டுகளில்தான் எங்கள் வீட்டுத் தறிக்குழியை மண்ணிட்டு மூடித் தரை போட்டோம்.

நாடு முழுவதும் இதுவே நிலை. 2009-10ஆம் ஆண்டுக் கைத்தறிக் கணக்கெடுப்பில் 43.31 இலட்சமாக இருந்த தொழிலாளர் எண்ணிக்கை 2019-20இல் 35.22 இலட்சமாகக் குறைந்திருந்தது. எங்கள் பக்கத்தில் அவர்கள் எங்கே போனார்கள் என்பதில் மறைபொருள் ஏதுமில்லை. சென்னை செல்லும் சாலையில், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998இல் கார்களை உருவாக்கத் தொடங்கியது. திருப்பெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது; ஆனால் அதைச் சுற்றி எழுந்த ஆலைகள் பல இன்றும் இயங்குகின்றன. விடியற்காலையில் தெருவில் பாவு விரிந்த அதே நேரத்தில் இப்போது தெருமுனையில் ஆலைப் பேருந்து வந்து நிற்கிறது. ஐந்து நிமிடம் பிந்தினால் அது போய்விடும். சாட்டர்டனால் சேலத்தில் கற்பிக்க முடியாத பாடத்தை நம் பிள்ளைகள் ஒரே தலைமுறையில் கற்றுக்கொண்டுவிட்டார்கள். மாதச் சம்பளம், மருத்துவக் காப்பீடு, வார விடுமுறை ஆகியவற்றுக்காக விரும்பியே கற்றார்கள்.

அக்காளின் பேரன் அப்படியோர் ஆலையில் பணிசெய்கிறான். வாரத்துக்கு வாரம் அவனுடைய முறை மாறும்: ஒரு வாரம் காலை, ஒரு வாரம் பிற்பகல், ஒரு வாரம் இரவு. தினசரி நாட்காட்டி தொங்கிய ஆணியில் அவனுடைய முறை அட்டவணையை மாட்டி வைத்திருக்கிறார்கள். அமாவாசை என்றைக்கு என்று கேட்டால் அக்காள் எழுந்துபோய் வேறு எங்காவது பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. போன மாதம் சென்றிருந்தபோது அவனுக்கு இரவு முறை. மூடிய குழியின் மேல் போட்ட தரையில் பாயை விரித்துப் பகலில் உறங்கிக்கொண்டிருந்தான். அக்காள் அடுப்படியில் பாத்திரங்களை ஓசைபடாமல் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். நான் பேச வாயெடுத்தபோது உதட்டில் விரலை வைத்து, திண்ணைக்குப் போகலாம் என்று கையசைத்தார்.